தொட்டுப் பார்க்கட்டும், ஆனால் எதை?

தொழிற்சாலை வைத்திருப்பவர்களுக்கு இப்போது ஒரு புது ஆசை வந்திருக்கிறது. கம்பெனி வளாகத்துக்குள்ளேயே ஒரு கண்காட்சி மண்டபம் கட்டுவது. ‘எக்ஸ்பீரியன்ஸ் சென்டர்’ என்று பெயர் வைக்கிறார்கள். நம் பக்கத்தில் பம்ப் கம்பெனி, மில் மெஷின் கம்பெனி, கிரைண்டர் கம்பெனி என்று யாரைக் கேட்டாலும் “நாங்களும் ஒண்ணு பண்றோங்க” என்கிறார்கள். வாடிக்கையாளர் வந்தால் ஷோரூமுக்குக் கூட்டிப்போய் காபி கொடுத்து விலைப்பட்டியலை நீட்டிய காலம் போய்விட்டது. இப்போது அவர் ‘பிராண்டை அனுபவிக்க’ வேண்டுமாம்.

ஆசை தப்பில்லை. உண்மையில் ரொம்ப நல்ல ஆசை. நம் ஊரில் இவ்வளவு தொழில் நடக்கிறது, அது எப்படி நடக்கிறது என்று பக்கத்துத் தெருப் பையனுக்குத் தெரியாது. காம்பவுண்டுச் சுவர் ஓரமாக தினமும் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறான். உள்ளே என்ன சத்தம் என்று ஒரு நாளும் யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. அந்தக் கதவைத் திறந்து விடுகிறேன் என்று ஒரு முதலாளி சொன்னால் நாம் கை தட்டத்தான் வேண்டும். என் தகராறெல்லாம் கதவைத் திறந்து உள்ளே எதைக் காட்டப் போகிறார்கள் என்பதில்தான்.

நான் 36 வருஷம் ஒரு பம்ப் கம்பெனியில் இருந்தேன். பெரும்பாலும் டெஸ்டிங்கில். கம்பெனி பெயர் வேண்டாம். பழைய ஆட்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. சில மாதங்களுக்கு முன் அங்கிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் மார்க்கெட்டிங் பார்க்கிற தம்பி. இன்னொருவர் வெளியூர் டிசைன் கம்பெனிப் பெண். கம்பெனியின் பழைய ஆட்களை வைத்து வீடியோ எடுக்கிறோம், நீங்களும் பேசணும் சார் என்றார்கள். ஒன்றரை மணி நேரம் பேசினேன். அதில் 40 விநாடி வரும் என்றார்கள். சரி, அது அவர்கள் கணக்கு. போகிற போக்கில் மடிக்கணினியில் மண்டபத்தின் படத்தைக் காட்டினார்கள். அதைப் பார்த்ததிலிருந்துதான் எனக்குத் தூக்கம் போச்சு.

படம் அழகாகத்தான் இருந்தது. நுழைந்ததும் ஒரு இருட்டுச் சுரங்கம் மாதிரி நடைபாதை, சுவரெல்லாம் தண்ணீர் ஓடுகிற வீடியோ. அடுத்து தரையிலிருந்து கூரை வரை ஒரு திரை, கையை வீசினால் நிறுவனரின் படம் வரும், இன்னொரு தரம் வீசினால் வருஷம் மாறும். நடுவில் ஒரு பெரிய மேஜை, அதன் மேல் முழுக்க டச் ஸ்கிரீன். விரலால் தட்டினால் பம்ப் பாகம் பாகமாகப் பிரியும். கடைசியில் கண்ணில் மாட்டிக்கொள்ளும் கருவி. மாட்டினால் கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி தெரியும். பழைய பம்ப் ஒன்றே ஒன்று இருந்தது. புதுப் பெயிண்ட் அடித்து, கண்ணாடிப் பெட்டிக்குள், மேலே ஸ்பாட் லைட்.

“இதுல தண்ணி எங்கம்மா வருது?” என்று கேட்டேன்.

“தண்ணி வராது சார், எல்லாம் டிஜிட்டல்” என்றது அந்தப் பெண்.

பம்ப் கம்பெனி மண்டபத்தில் தண்ணீர் வராது!

அவர்கள் இதை ‘இன்டராக்டிவ்’ என்கிறார்கள். பார்க்கிறவர் சும்மா நிற்காமல் தானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று அர்த்தமாம். நல்ல அர்த்தம். ஆனால் கண்ணாடியைத் தட்டுவது ஒரு செய்கையா? அந்தப் பையன் வீட்டில் அதைத்தான் நாள் முழுக்கச் செய்கிறான். எந்தப் படத்தைத் தட்டினாலும் விரலுக்குத் தெரிவது ஒரே வழுவழுப்புதான். பம்ப் கனமா லேசா, சூடா குளிர்ச்சியா, நடுங்குகிறதா, அது எதுவும் விரலுக்கு வராது.

எங்கள் டெஸ்ட் பெட்டில் என்ன நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கீழே தண்ணீர்த் தொட்டி. பம்ப் அதிலிருந்து உறிஞ்சி மேலே தள்ளும். தள்ளுகிற குழாயில் ஒரு வால்வு, ஒரு பிரஷர் கேஜ். உறிஞ்சுகிற பக்கம் வாக்குவம் கேஜ். மின்சாரப் பக்கம் வோல்ட், ஆம்பியர், வாட் மீட்டர்கள். வெளியே வரும் தண்ணீர் ஒரு வாய்க்காலில் ஓடி, ‘வி’ மாதிரி வெட்டிய ஒரு தகட்டின் மேல் வழிந்து விழும். அந்த வழிகிற உயரத்தை ஒரு கொக்கி அளவியால் பார்த்து, நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் என்று கணக்குப் போடுவோம். பிறகு ஃப்ளோ மீட்டர் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, கணக்குச் சுலபமானது. ஆனால் வி-நாட்ச்சில் தண்ணீர் விழுகிற அழகு போய்விட்டது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

புதிதாக வேலைக்கு வருகிற பையனிடம் முதல் நாள் நான் ஒரு கேள்வி கேட்பேன். பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது, தண்ணீர் கொட்டுகிறது. இப்போது அந்த வெளியேறும் வால்வை மெதுவாக மூடப்போகிறோம். ஆம்பியர் கூடுமா குறையுமா? நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கூடும் என்பார்கள். தண்ணீரை அடைக்கிறோம், மோட்டார் முக்கும், அப்போது கரண்ட் அதிகம்தானே இழுக்கும்? இன்ஜினியரிங் படித்தவனும் யோசிக்காமல் அதையே சொல்வான். “சரி, நீயே மூடு” என்று சக்கரத்தை அவன் கையில் கொடுப்பேன். மூட மூட பிரஷர் முள் ஏறும், ஆம்பியர் முள் இறங்கும். அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். நம் வயல்களில் ஓடுகிற சாதாரண சென்ட்ரிஃபியூகல் பம்புக்குத் தண்ணீரைத் தூக்குவதுதான் வேலை. தண்ணீர் நகராவிட்டால் அதற்கு வேலை குறைவு, மின்சாரமும் குறைவு. அதற்காக மூடியே ஓட்டக்கூடாது, உள்ளே இருக்கிற தண்ணீர் சூடாகிவிடும். அதையும் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்வேன்.

இதற்கு என்ன செலவு? ஒரு சின்ன பம்ப், ஒரு தொட்டி, ஒரு வால்வு, இரண்டு மீட்டர். வருகிறவரை முதலில் ஊகிக்கச் சொல்ல வேண்டும், பிறகு கையால் செய்யச் சொல்ல வேண்டும். விவசாயி வந்தாலும் சரி, ஆறாம் வகுப்புப் பிள்ளை வந்தாலும் சரி, வெளிநாட்டுக்காரர் வந்தாலும் சரி, வீட்டுக்குப் போனபின் இதைப் பத்துப் பேரிடம் சொல்வார். சுவரில் ஓடிய வீடியோவை யார் சொல்வார்?

இன்னொன்று சொல்கிறேன். நம் பக்கத்தில் ‘காயில் எரிஞ்சு போச்சு’ என்று புலம்பாத தோட்டக்காரர் கிடையாது. ஏன் எரிகிறது? பல காரணம், அதில் முக்கியமானது லோ வோல்டேஜ். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் மெதுவாகச் சாதுவாக ஓடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். டெஸ்ட் பெட்டில் டிம்மர்ஸ்டாட்டைத் திருகி வோல்டேஜைக் குறைத்துக் காட்டினால் தெரியும்: சுமை அப்படியே இருக்க, ஆம்பியர் ஏறும். ஏறினால் சூடு. சூடானால் காயில் போச்சு. பக்கத்திலேயே எரிந்த ஸ்டேட்டர் ஒன்றை வைத்து, மோந்து பாருங்கள் என்று எழுதிவைக்கலாம். கருகின வார்னிஷ் வாடை ஒரு தரம் மூக்கில் ஏறினால் ஆயுசுக்கும் மறக்காது. உறிஞ்சுகிற பக்க வால்வைத் திருகினால் பம்புக்குள் சல்லி அரைக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும், தண்ணீர் அங்கேயே கொப்புளம் கட்டி உடைகிற சத்தம். எத்தனை இம்பெல்லரை அது தின்றிருக்கிறது! ஃபுட் வால்வு ஒழுகினால் ஏன் பம்ப் எடுக்காது, 7 மீட்டருக்குக் கீழே தண்ணீர் போனால் மேலே உட்கார்ந்திருக்கிற பம்பு ஏன் திணறுகிறது, இதெல்லாம் கண்ணாடிக் குழாய் வைத்தால் குழந்தைக்கும் புரியும். காற்றின் அழுத்தம் 10 மீட்டர் சொச்சம்தான் தண்ணீரைத் தூக்கும், எந்தக் கம்பெனி பம்பாக இருந்தாலும் அதை மீற முடியாது என்று ஒரு கம்பெனியே தன் மண்டபத்தில் எழுதிவைத்தால் அதன் மேல் எனக்கு மரியாதை வரும்.

இதெல்லாம் நான் கண்டுபிடித்த யோசனை இல்லை. ஜெர்மனியில் ஆஸ்கர் ஃபான் மில்லர் என்ற மின்சார இன்ஜினியர் 1903இல் ம்யூனிக் நகரில் டாய்ட்சஸ் மியூசியத்தைத் தொடங்கி வைத்தார். ஆற்றின் நடுவே ஒரு தீவில் அதன் பெரிய கட்டடம் 1925இல் திறந்தது. பொத்தானை அமுக்கு, பிடியைச் சுற்று, உள்ளே வெட்டிக் காட்டிய இன்ஜினைப் பார், நிலத்தடியில் சுரங்கத்துக்குள் நடந்து போ என்று வந்தவர்களை வேலை வாங்கிய இடம் அது. கொல்கத்தாவில் 1959இல் பிர்லா தொழில் அருங்காட்சியகமும், பிறகு பெங்களூரில் விஸ்வேஸ்வரய்யா பெயரிலான அருங்காட்சியகமும் அந்த வழியில் வந்தவைதான். பெங்களூருக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போன பெற்றோர் நம்மில் நிறையப் பேர் இருப்போம். வெளியே வரமாட்டேன் என்று அடம் பிடித்திருப்பார்களே!

நம் ஊருக்கே ஒரு முன்னோடி இருக்கிறார். கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு. பள்ளிக்கூடத்தில் அதிகம் தங்கவில்லை, பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு ஒரு பஸ் ஓட்டித் தொடங்கியவர். 1937இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இங்கேயே மின்மோட்டார் செய்தார். பேட்டரியில் ஓடும் சவர ரேஸர், ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று கை வைக்காத சாமான் இல்லை. அவிநாசி ரோட்டில் அவர் பெயரிலான அருங்காட்சியகம் இருக்கிறது, 2015இலிருந்து கார் மியூசியமும் இருக்கிறது. பேரன் பேத்திகளைக் கூட்டிப் போகாதவர்கள் போய் வாருங்கள். அவருக்குச் சாமானைப் பிரித்துப் பார்க்கிற புத்தி. எந்த இயந்திரத்தையும் கண்ணாடிக்குள் பூட்டி வைத்துக் கும்பிடுகிற ஆள் இல்லை.

ஆனால் ஒரு கம்பெனி தன் கதையைத் தானே சொல்வதற்கு நான் பார்த்ததிலேயே சிறந்த இடம் ஜப்பானில் இருக்கிறது. மகன் வேலை விஷயமாக இரண்டு வருஷம் நகோயாவில் இருந்தான். நாங்கள் போயிருந்தபோது ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று கோட்டைக்கும் கோவிலுக்கும் கூட்டிப்போனான். எனக்குக் கால் வலித்தது. கடைசி நாள், “அப்பா, உங்களுக்குன்னே ஒரு இடம்” என்று டொயோட்டா தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனான். கால் வலி போன இடம் தெரியவில்லை.

கார் கம்பெனி என்றுதானே நமக்கு டொயோட்டாவைத் தெரியும்? உள்ளே நுழைந்தால் முதல் பாதி முழுக்கத் தறி. அந்தக் குடும்பத்தின் தொழில் நெசவு இயந்திரம். சகிச்சி டொயோடா என்பவர் தச்சர் மகன். அம்மா தறியில் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்து, தறியைத் திருத்த ஆரம்பித்து, 1924இல் ‘ஜி டைப்’ என்ற தானியங்கித் தறியைக் கொண்டுவந்தார். ஓட்டத்தை நிறுத்தாமலே நாடாவை மாற்றிக்கொள்ளும்; ஒரு பாவு நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும். 1929இல் அதன் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் ஒரு லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. நம் மில்களில் பிளாட் மெஷின் ஓட்டிய பெரியவர்கள் இதைப் படித்தால் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று தெரியும். எந்த ஊரிலிருந்து மெஷின் வாங்கி ஜப்பான்காரர் நூல் நூற்றாரோ அந்த ஊர்க்காரர் வந்து தறிக்கு உரிமை வாங்கிப்போனார். அதன்பின் மகன் கீச்சிரோ கார் பக்கம் போனார்.

இவ்வளவும் எந்தப் புத்தகத்திலும் படிக்கலாம். அங்கே என்ன விசேஷம் என்றால், 1911இல் கட்டிய பழைய செங்கல் மில் கட்டடத்தை இடிக்காமல் அதிலேயே 1994இல் இந்த அருங்காட்சியகத்தைத் திறந்திருக்கிறார்கள். பழைய சுவர், பழைய தூண். அதற்குள் கை ராட்டையிலிருந்து இன்றைய தறி வரை வரிசையாக நிற்கிறது, நின்றபடி தூங்கவில்லை, ஓடுகிறது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஆள். சீருடை போட்ட ஒரு பெண் கொஞ்சம் பஞ்சை எடுத்து விரலால் திரித்து நூலாக்கிக் காட்டினாள். என் மனைவி, “இதை நான் சின்ன வயசிலயே பண்ணியிருக்கேன்” என்று சொல்லிக் கை நீட்ட, பஞ்சை அவள் கையில் கொடுத்தாள். பாஷை தெரியாது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே திரித்தார்கள். தறி அருகே இருந்தவர் ஓடுகிற தறியில் ஒரு நூலை வேண்டுமென்றே அறுத்தார். டக் என்று தறி நின்றது. பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் ‘ஓ’ என்றோம். ஒரு கம்பெனியின் மொத்தக் கொள்கையும் அந்த ஒரு ‘டக்’கில் இருந்தது: தப்பு நடந்தால் நில், தப்போடு ஓடாதே. அதற்கு மேல் சுவரில் வாசகம் எழுத என்ன இருக்கிறது?

கார்ப் பகுதியிலும் அப்படித்தான். வார்ப்பு, அடித்து உருவாக்குவது, கடைசல் எல்லாவற்றையும் செய்து காட்டுகிறார்கள். எண்ணெய் வாடை வருகிறது. திரையும் இருக்கிறது, இல்லாமல் இல்லை, ஆனால் திரை வேலைக்காரன் மாதிரி ஓரமாக நிற்கிறது.

இதை அந்த மார்க்கெட்டிங் தம்பியிடம் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, மறைக்கக்கூடாது. “சார், வர்றவங்க 40 நிமிஷத்துக்கு மேல தங்கமாட்டாங்க. தண்ணி ஓடினா தரை ஈரமாகும், யாராவது வழுக்கினா இன்ஷூரன்ஸ் பிரச்சினை. ஓடுற மெஷின்ல குழந்தை கை வெச்சா? சத்தத்துல பேசினா ஃபாரின் பையருக்குக் கேக்காது. டொயோட்டா கிட்ட இருக்கிற பணம் நம்மகிட்ட இல்லையே?” பணத்தைப் பற்றி அவர் சொன்னதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் கை வீசும் திரைக்கு ஆகிற செலவில் மூன்று டெஸ்ட் பெட் போடலாம். மற்றதெல்லாம் டிசைனில் சரி செய்கிற விஷயம். ஈரத்துக்கு வடிகால் கிரேட்டிங், கைக்குக் கம்பி வலை, சத்தத்துக்குக் கதவு போட்ட தனி அறை. வழுக்காத தளம் போடத் தெரியாமலா 50 வருஷமாக டெஸ்ட் பெட் நடத்தினோம்?

பராமரிப்பு என்று ஒன்று இருக்கிறது, அதை யாரும் நினைப்பதே இல்லை. நம் ஊரில் எத்தனை மண்டபங்களில் பார்த்திருக்கிறோம், திறந்த ஆறாம் மாதம் திரையின் மேல் ‘பழுது’ என்று ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். அதைச் சரி செய்ய வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டும், அவன் வருவதற்குள் மாடலே மாறிப்போயிருக்கும். பம்ப் நின்றுபோனால் பம்ப் கம்பெனியில் சரி செய்ய ஆளா இல்லை?

ஆள் என்றதும்தான் என் முக்கியமான கவலைக்கு வருகிறேன். புது மண்டபம் கட்டுவதற்காகப் பழைய ஃபவுண்டரி ஷெட்டை இடிக்கப் போகிறார்கள். கியூபோலா உலை இன்னும் நிற்கிறது, அணைந்து பல வருஷம் ஆகிறது. இப்போது எல்லாம் இண்டக்‌ஷன் ஃபர்னஸ். நல்ல மாற்றம்தான், கியூபோலா விட்ட புகையைச் சுற்றுவட்டாரத்தில் குடியிருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் அந்த ஷெட்டில் என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் இப்போது கை விரலில் எண்ணுகிற அளவுதான். எங்கள் மோல்டர் ஒருவர், எண்பதைத் தாண்டிவிட்டார். மணலில் ஈரப்பதம் சரியா என்று பார்க்க அவருக்குக் கருவி வேண்டாம். ஒரு பிடி எடுத்து இறுக்குவார், நடுவில் ஒடிப்பார். ஓரம் உதிராமல் சுத்தமாக ஒடிந்தால் சரி. உதிர்ந்தால் ஈரம் பத்தாது, கையில் ஒட்டினால் அதிகம். அதிகமானால் உருகின இரும்பு பட்டு ஆவி கிளம்பி வார்ப்பில் ஓட்டை விழும். லேப் வந்த பிறகும் லேப் ரிப்போர்ட் வருவதற்குள் அவர் கை சொல்லிவிடும்.

வருகிறவர்கள் இதைச் செய்து பார்க்க என்ன தடை? ஒரு பெட்டி மணல் போதும். மரப் பேட்டர்னை வைத்து மணலை இடித்து, மேல் பெட்டியைத் தூக்கி, பேட்டர்னை அலுங்காமல் எடுத்தால் உள்ளே இம்பெல்லர் வடிவம் பள்ளமாக இருக்கும். இரும்பை ஊற்ற வேண்டாம், அது 1400 டிகிரி, மெழுகை ஊற்றலாம். ஆறினதும் உடைத்து எடுத்து, குழந்தை தான் வார்த்ததை வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். ஐந்தில் இரண்டு சரியாக வராது. வராமல் போகட்டும், அப்போதுதான் வார்ப்பு என்பது என்ன வேலை என்று தெரியும்.

ஆனால் இதைச் சொல்லிக்கொடுக்க அந்த மோல்டர் மாதிரி ஒருவர் வேண்டும், அல்லது அவரிடம் கற்றுக்கொண்ட ஒரு இளவட்டம் வேண்டும். இன்றைக்கு அவரை வைத்து நாலு பையன்களுக்குப் பழக்கினால் உண்டு. மூன்று வருஷம் கழித்து யாரைக் கேட்பார்கள்? மெஷின் இருக்கும், ஓட்டத் தெரிந்த ஆள் இருக்கமாட்டார். ஓட்டத் தெரியாத மெஷினுக்குப் பெயிண்ட் அடித்து ஸ்பாட் லைட் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. நகோயாவில் இளம் பிள்ளைகள் அந்தப் பழைய தறிகளை ஓட்டினார்கள் என்றால், யாரோ ஒரு கிழவர் அவர்களுக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்?

வைண்டிங் செக்‌ஷனை அந்தப் படத்தில் எங்குமே காணவில்லை. சப்மெர்சிபிள் மோட்டாருக்குள் தண்ணீர் நிறைந்திருக்கும், அதற்குள்ளேயே காயிலும் இருக்கும். அதனால் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியை ஒவ்வொரு சுற்றாக ஸ்லாட்டில் கோத்து இழுக்க வேண்டும். உறையில் ஒரு கீறல் விழுந்தாலும் ஆயிரம் அடி ஆழத்தில் போய் வேலையைக் காட்டும். எங்களிடம் அதைச் செய்தவர்களில் நிறையப் பேர் பெண்கள். காலையில் சோறாக்கிப் போட்டுவிட்டு எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்தால், சாயங்காலம் விரல் நுனியெல்லாம் கம்பி அறுத்த கோடு இருக்கும். அவர்களில் ஒருவர் கோத்த மோட்டார் திரும்பி வந்ததே இல்லை என்று சர்வீஸ் செக்‌ஷனில் சொல்வார்கள். மண்டபத்தின் சுவரில் நிறுவனர் படம் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை, அவர் உழைப்பும் சாதாரணமில்லை. ஆனால் இந்தக் கைகளின் படம் எங்கே? பெயராவது? ஊழியர் பதிவேட்டில் எல்லார் பெயரும் இருக்கிறது. ஒரு சுவர் போதும். ஓய்வு பெற்றவர் பேரனோடு வந்து தன் பெயரைத் தேடி விரல் வைத்துக் காட்டுவார். கம்பெனி கேட்கிற ‘இன்டராக்டிவ்’ அதிலும் இருக்கிறது.

இரண்டு விஷயம் எந்தக் கம்பெனி மண்டபத்திலும் இருக்காது, இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒன்று, விபத்து. பிரஸ் ஷாப்பில் விரல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகுதான் இரண்டு கையாலும் அழுத்தினால் மட்டுமே இறங்குகிற பொத்தான் வைத்தார்கள். அந்த இரண்டு பொத்தானை வைத்து, ஏன் இரண்டு என்று எழுதினாலே போதும், படிக்கிறவருக்குப் புரியும்.

இன்னொன்று தண்ணீர். நம் தாத்தாக்கள் கவலை இறைத்தவர்கள். தோல் சாலும் வடக்கயிறும் வால்கயிறும், பின்னாலேயே போகிற மாடும். ஒரு நாள் முழுக்க இறைத்தாலும் கிணறு வற்றாது, மறுநாள் ஊறியிருக்கும். பிறகு ஆயில் இன்ஜின் வந்தது, கரண்ட் மோட்டார் வந்தது, சப்மெர்சிபிள் வந்தது. நான் வேலையில் சேர்ந்தபோது அறுபது எழுபது அடிக் கிணறு பெரிய கிணறு. இன்று நம் ஜில்லாவில் ஆயிரம் அடி தாண்டி போர் போடுகிறார்கள், அதிலும் பாதி புழுதிதான் வருகிறது. நாங்கள் செய்த பம்ப் ஆயிரக்கணக்கான குடும்பத்துக்குச் சோறு போட்டது, அதில் எனக்குப் பெருமை உண்டு. அதே பம்ப் தண்ணீரை ஆழத்துக்கு விரட்டியதும் உண்மை. நுழைவாயிலில் கவலையில் ஆரம்பித்து, பத்துப் பத்து வருஷமாக நீர்மட்டம் எங்கே போனது என்று ஒரு நீளக் குழாயில் கோடு போட்டுக் காட்டினால், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஓடிவிடமாட்டார். சொல்லப்போனால் குறைந்த மின்சாரத்தில், குறைந்த தண்ணீரில் வேலை பார்க்கிற பம்பைப் பற்றிப் பேச அதைவிட நல்ல இடம் கிடைக்காது. வியாபாரமும் நடக்கும்.

சின்னச் சின்ன விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், நம் வயசுக்காரர்கள்தான் இதைச் சொல்ல முடியும். எழுத்து தமிழிலும் இருக்கட்டும், முதலில் தமிழில் இருக்கட்டும். பம்ப் வாங்குகிறவர் தமிழில்தான் விலை பேசுகிறார். எழுத்தின் அளவு கண்ணாடி போட்டும் தெரியாத அளவுக்குச் சின்னதாக வேண்டாம். கறுப்புச் சுவரில் சாம்பல் எழுத்து எழுதுகிற நாகரிகத்தை யார் கண்டுபிடித்தார்களோ. உட்கார நாலு பெஞ்ச் போடுங்கள். இருட்டு நடைபாதையில் படி வைக்காதீர்கள். கழிப்பறை எங்கே என்று பெரிதாக எழுதுங்கள். குடிக்கத் தண்ணீர் வையுங்கள். பம்ப் கம்பெனி என்பதால் கேட்கவில்லை, பொதுவாகவே கேட்கிறேன்.

இதையெல்லாம் நாலு பக்கம் எழுதி, கையால் ஒரு படமும் போட்டு, கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறேன். ஷெட்டை இடிப்பது பற்றி இன்னும் முடிவாகவில்லை என்று பதில் வந்தது. மோல்டர் அண்ணனிடம் கேட்டேன்: “கூப்பிட்டா வருவேன், மணல் மட்டும் நல்ல மணலா வாங்கி வெக்கச் சொல்லு” என்றார். வைண்டிங்கில் இருந்த இரண்டு அம்மாக்களும் சரி என்றுவிட்டார்கள். நான் நாலாவது ஆள். சம்பளம் வேண்டாம், வண்டி அனுப்பினால் போதும் என்றும் எழுதிவிட்டேன். செவ்வாய், வெள்ளி காலை என்றால் எல்லாருக்கும் வசதி. மற்ற நாளில் எனக்கு முட்டிக்கு பிசியோதெரபி இருக்கிறது.